சிப்பாய்க் காசுகள்

உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் திணித்து, "வடிவாப் பாரும், ஈட்டியை எப்பிடிப் பிடிச்சிருக்கிறான் எண்டு" என்றார் ஏர்னெஸ்ட் அத்தான். என் அக்கா தேவமலரின் புருஷன். நகமளவு செம்புக் காசு. அதில் ரோம ராச்சியத்துச் சிப்பாய் ஒருவன், குதிரையோடு சரிந்து கிடப்பவனைக் குத்துகிறான். விழுந்தவன் ஒரு கையை உயர்த்தி மன்றாடுகிறான். இந்தக் காசைப் பார்த்து "அருமை" என்று சொல்லாமல் வட்டுக்கோட்டையில் யாரும் இந்த வீட்டுப் படி இறங்க முடியாது.

அத்தானுக்குச் சிப்பாய்க் காசுகள்தான் வேண்டும். தெய்வமோ நெற்கதிரோ இருந்தால் முகத்தைச் சுளிப்பார். லண்டனிலிருந்து மகள் ஷரோன் வாங்கி அனுப்புவாள். கந்தரோடைத் தோட்டங்களில் கிண்டி எடுத்ததென்று யாராவது கொண்டுவந்தாலும் வாங்குவார். மாலையானால் சாரத்தோடு சாய்மனைக் கதிரையில் சரிந்து, அணிவகுப்பு, ஒழுங்கு, வீரம் என்று வாயாலேயே போர் நடத்துவார். சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் ஊருக்குள் வந்த அன்று இதே மனிதர் கிணற்றடி வாழைகளுக்குள் குப்புறக் கிடந்தவர். அது குற்றமில்லை, பக்கத்தில் நானும் கிடந்தேன். ஆனால் நான் பிறகு சிப்பாய்களைச் சேர்க்கப் புறப்படவில்லை.

எங்கள் அண்ணை ஜெரிசன் அன்று ஒளியவில்லை. றோட்டில் கையை உயர்த்திக்கொண்டு நின்றவரைச் சுட்டார்கள். வேலி இடுக்கால் அதைப் பார்த்தவள் அக்கா. அவளுடைய வீட்டு முன்னறையில்தான் இந்தக் காசுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவருவாள், பெட்டியின் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விடுவாள். "பொம்பிளையளுக்கு உது விளங்காது" என்பார் அத்தான். அந்தத் தேத்தண்ணியை அவர் தலையில் ஊற்றினால் என்ன என்று எனக்கு வரும்.

இந்த மாதம் மனிதரைப் பிடிக்கவே முடியவில்லை. ஊர்க் கண்காட்சி ஒன்றில் காசுகளை வைக்கப் போகிறார்கள், அவர் பெயர் எழுதிய பலகையோடு. "நாளைக்குக் காலமை வந்து எடுப்பினம். எல்லாத்தையும் துப்புரவாக்கி வையும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் தலைமயிர் வெட்டப் போனார். காசின் பச்சைக் களிம்பைத் தொடவே கூடாது, தொட்டால் உருவமும் போய்விடும் என்று வந்தவன் போனவனுக்கெல்லாம் வகுப்பெடுத்தவர், வீட்டுக்காரிக்கு அதைச் சொல்ல நினைக்கவில்லை.

ஞாயிறு ஆராதனைக்காகத் தேவாலயத்துப் பித்தளைப் பூச்சாடிகளைச் சனிக்கிழமைகளில் மினுக்குகிறவள் அக்கா. நான் போனபோது குசினிப் படியில் இருந்து பழப்புளி, சாம்பல், தேங்காய்த் தும்பு சகிதம் காசுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையில் மனமும் வரவில்லை.

அத்தான் திரும்பி வந்தபோது காசுகள் புதுச் சருவப் பானை போல மினுங்கின. ஒன்றிலும் முகமில்லை, கேடயமில்லை.

"என்ன வேலை செய்து போட்டீர்?" என்றார்.

"நீங்கள்தானே துப்புரவாக்கச் சொன்னனீங்கள்" என்றாள் அக்கா. "செம்புக்குப் புளி போடாமல் வேறை என்னத்தைப் போடுறது?"

அவர் ஒவ்வொரு காசாகத் தூக்கிக் கண்ணாடியால் பார்த்தார். படை முழுவதையும் பறிகொடுத்த தளபதி, புதிதாக வெட்டிய மயிரோடு. எனக்கு இரக்கம் வரவில்லை.

குதிரையோடு சரிந்தவனின் காசு மட்டும் அக்காவின் கையில் இருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். குனிந்து பார்த்தேன். சிப்பாய் நின்ற இடம் வழுவழுவென்று வெறுமையாகக் கிடந்தது. கீழே, விளிம்போரமாக, உயர்த்திய கை அப்படியே இருந்தது. அந்த மூலையில் தும்பு படவேயில்லை, பச்சைக் களிம்பு கூடக் கலையவில்லை. அக்கா அதன் மேல் தன் பெருவிரலை வைத்து மெல்ல மூடினாள்.