மாவு மில்லு

டெய்சிக்கு அந்த நுரையீரல் துண்டின் மேல் கோபம்தான் வந்தது. புதுச்சேரி ஆய்வகத்தில் எத்தனை தடவை பார்த்தாலும் அதில் சிலிக்கான் இருந்தது. மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற சரக்கு. செத்துப்போனவரோ மாவு மில்லில் வேலை பார்த்தவர் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மாவு அரைத்தவர் நெஞ்சில் மணல் எப்படி வரும்? கண்ணாடித் தகட்டிலிருந்து ஒட்டியிருக்கும் என்று சந்தேகப்பட்டு, அடுத்த சீவலைக் கரித்தகட்டில் வைத்துப் பார்த்தாள். அதிலும் இருந்தது.

இனி ஒரே வழிதான். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் செல்லின் விளிம்பு வரை துல்லியமாகத் தெரியும். எது என்ன பொருள் என்று அது சொல்லாது. வண்ணத்தில் இருக்கும் ரசாயனப் படம் பொருளைச் சொல்லும். இடத்தைக் கேட்டால் ஒரே கலங்கல். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால், சிலிக்கான் வெளியே ஒட்டிய அழுக்கா, உள்ளே குடியிருந்ததா என்று தெரிந்துவிடும். அந்த வேலையையும் லேப்டாப்பில் சுமந்துகொண்டுதான் விருத்தாசலத்துக்கு பஸ் ஏறினாள். தம்பி அமலுக்குக் கோயிலில் அன்றைக்கு முதல் கல்யாண ஓலை, இன்னாருக்கு இன்னார் என்று பூசையில் மூன்று தடவை சொல்கிற அறிவிப்பு, வாசித்தார்கள்.

சாமியார் ஓலை வாசிக்கும்போதே மாப்பிள்ளை அமல் இருமினான். காசநோய் என்று மாத்திரை சாப்பிடுகிறான், இருமல் நின்றபாடில்லை. "மாத்திர முடிஞ்சா நின்னுடும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்று அம்மா அருள்மேரி கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னாள். கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. டெய்சிக்கும் அதுவரை அந்தப் பயம்தான்.

சாப்பிட்டதும் டெய்சி படங்களைத் திறந்தாள். இரண்டிலும் ஒரே இடத்தைத் தேடிப்பிடித்துப் புள்ளி வைக்க வேண்டும். அமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பொம்மைக்குக் கண்ணு எழுதற மாதிரில்ல இருக்குது. கொஞ்சம் நவுந்தா மாறுகண்ணு."

"பேசாம இருடா."

கடைசிப் புள்ளியையும் வைத்தாள். சிலிக்கானின் சிவப்பு மெல்ல நகர்ந்து, வடுக்களுக்கு நடுவே, செல்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே ஒரு பொட்டுகூட இல்லை. மூச்சோடு உள்ளே போனதுதான்.

"யாருதுக்கா இது?"

"சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஆளு. டிபின்னு மாத்திர குடுத்தே சாவடிச்சிட்டாங்க. நெஞ்சு பூரா மணலுடா. மாவு மில்லுல இருந்தவருக்கு மணலு எப்படிப் போச்சுன்னுதான் தெரியல."

அமல் சிரித்தான். "மாவு மில்லுல வேற என்னா இருக்கும்? நானும் மூணு வருசமா மாவு மில்லுலதான இருக்கறேன்."

"நீ பீங்கான் கம்பெனியில்ல?"

"ஆமா. அங்க வெள்ளக் கல்லு அரைக்கிற எடத்துக்குப் பேரே மாவு மில்லுதான்."

வெள்ளைக் கல்லும் மணலும் ஒரே சிலிக்கான் சரக்குதான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள். லீவுக்கு வரும்போதெல்லாம் காதில் விழுந்த வார்த்தை. தம்பி வேலை விட்டு வந்தால், "மாவத் தட்டிட்டு உள்ள வாடா" என்பாள் அம்மா. படித்த படிப்பில் மாவு என்றால் அவளுக்கு அரிசி மாவாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் அப்படித்தான்.

"அமலு, டாக்டர் ஒன்ன என்னா வேலன்னு கேட்டாரா?"

"கேட்டாரே. மாவு மில்லுன்னேன்."

"அதுக்கு?"

"ஒண்ணும் பயமில்ல, தாராளமா வேலைக்குப் போன்னாரு." எழுந்தான். "ஷிப்டுக்கு நேரமாச்சு. போயிட்டு வரேன்."

டெய்சி அவன் கையைப் பிடித்தாள். "போவாதடா. நீ சாப்பிடற மாத்திர ஒன் நோவுக்கு இல்ல."

அவன் விளங்காமல் பார்த்தான். கேட்க வாயெடுத்தவன் இருமினான். இருமல் நிற்கும்வரை அவள் கையை விடவில்லை. அவன் கை சில்லென்றிருந்தது.

அருள்மேரி கொடியிலிருந்து மகனின் வேலைச் சட்டையை எடுத்துவந்து, வாசலில் நின்று ஓங்கி உதறினாள். வெயிலில் வெள்ளையாகக் கிளம்பிய தூசி காற்றோடு கூடத்துக்குள் வந்தது.

"ஒதறாதம்மா. மூக்க மூடிக்கிட்டு உள்ள வா."

அருள்மேரி மகளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சட்டையை இன்னொரு தடவை உதறினாள்.

"என்னாத்துக்குடி பதறுற? வெறும் மாவுதான?"