அரை கேலன் தூரம்

என் மகளுக்கு மூன்று மாதமாகியும் பேர் இல்லை. எங்கள் வழக்கத்தில் பெற்ற தகப்பன்தான் பிள்ளையின் காதில் பேரை மூன்று தடவை சொல்ல வேண்டும். தகப்பன் நானோ கேமரன் மலையில், தேயிலை ஃபேக்டரியின் இஞ்சின் ரூமில் கிடந்தேன். என் பெண்டாட்டி வேலாயியும் பிள்ளையும் கீழே, தாப்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மாமியார் வீட்டில் இருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வருவதற்குள் மலைப்பாதையில் ஒரு லோரியைச் சுட்டுவிட்டார்கள். மலாயாவில் எமர்ஜென்சி காலம். கம்யூனிஸ்ட்டுக்காரன் காட்டுக்குள், பட்டாளத்துக்காரன் ரோட்டில், நடுவில் என் குடும்பம். கைக்குழந்தைக்காரிக்கு மேலே ஏறப் பாஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

பிள்ளை யார் சாயல் என்றுகூடத் தெரியாத தகப்பன் எங்காவது உண்டா? வேலாயியின் தலையெண்ணெய் வாசம் தலையணையை விட்டுப் போன அன்றைக்கு நான் அழுதேன். சொல்ல என்ன வெட்கம், அழுதேன்.

ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பாஸ் வாங்கினேன். காலையில் இறங்கி, இருட்டுவதற்குள் ஏறிவிட வேண்டும். ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஷம்சுதீன் பாய் தன் மோட்டார் சைக்கிளைத் தருவதாகச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை. எஸ்டேட்டை விட்டுப் போகும் எந்த வண்டியிலும் அரை கேலனுக்கு மேல் பெட்ரோல் இருக்கக்கூடாது, காட்டுக்காரன் கைக்குப் போய்விடும் என்று துரை உத்தரவு போட்டிருந்தார். தாப்பாவில் பெட்ரோல் வாங்கத் தனிச் சீட்டு வேண்டும், அதற்கு நான் எங்கே போக? பாயின் மோட்டாரோ பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும். அரை கேலனில் இறங்கிவிடலாம், ஏறி வர முடியாது.

ஆகவே கார்ப்ரேட்டரைக் கழற்றினேன். உள்ளே ஓர் ஊசி இருக்கும். அதில் வெட்டியிருக்கும் காடிகளில் ஒரு காடி அளவு கீழே இறக்கினால் பெட்ரோல் போவது குறையும். காற்று ஸ்குரூவைத் திறந்தால் இன்னும் குறையும். சோடாப் போத்தலில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, டியூப் மாட்டி வண்டியில் கட்டி, அது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று எஸ்டேட் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பேன். மறுபடியும் கழற்றுவேன்.

"டேய் நாகப்பா, மோட்டார என்னடா பொண்டாட்டிய தடவுற மாரி தடவுற?" என்று பாய் சிரித்தார்.

"அவகிட்ட போகத்தானே பாய் இத தடவிக்கிட்டு இருக்கேன்."

"போய்த் தொல. வழியில நின்னுச்சுனா தள்ளிக்கிட்டு வா. காட்டுக்காரனுக்குத் தானம் பண்ணிட்டு வந்துறாத லா."

கடைசியில் ஒரு நாள் பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்துக் கிடந்தது போய், வறுத்த கடலை நிறத்துக்கு வந்திருந்தது. அதே போத்தல் பெட்ரோலில் வண்டி ஒன்றரை மடங்கு தூரம் ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டேன். மகளுக்கு வைத்திருந்த பேரை வளைவுக்கு வளைவு மெதுவாகச் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

அடிவாரத்தில் இஞ்சினைப் போட்டதும் இருமியது. முறுக்கினால் துப்பியது. சூடு தொடையைச் சுட்டது. அடப்பாவி! அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மேலே காற்று மெலிசு. அந்தக் காற்றுக்கு அளந்து குறைத்த பெட்ரோல், கீழே இருக்கிற கனத்த காற்றுக்குப் பற்றவில்லை. மலையிலேயே பிறந்து மலையிலேயே மோட்டார் பார்த்தவன் புத்தி வேறு எப்படி இருக்கும்? நிறுத்தி ஊசியை ஏற்றியிருக்கலாம். ஆனால் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயக் கூரைகள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டன. அதில் ஒன்றின் கீழே என் பிள்ளை. யாருக்கு நிற்க மனசு வரும்?

தோட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலியின் கேட்டுக்கு நேராக வந்து முறுக்கை விட்டேன். டப் டப்பென்று வெடித்தது. துப்பாக்கி மாதிரி இல்லை, துப்பாக்கியேதான்.

காவல் கூண்டில் சங்கு ஊதியது. கேட் படாரென்று மூடியது. மாத்தா என்று நாங்கள் சொல்லும் போலீஸ்காரர்கள் ஓடி வந்து என்னைக் குப்புறத் தள்ளினார்கள். பாஸைக் காட்டி, வண்டியைக் காட்டி, தெரிந்த மலாயிலெல்லாம் கெஞ்சி, வெடித்தது மோட்டார்தான் என்று நம்ப வைப்பதற்குள் மத்தியானம் போய்விட்டது. சரி, நம்பினார்கள். ஆனால் சங்கு ஊதிய பிறகு டவுனிலிருந்து ஆபீசர் வந்து பார்க்கும்வரை கேட்டைத் திறக்கக்கூடாதாம். ஆபீசர் வந்தபாடில்லை.

வேலாயி வேலிக்கு ஓடி வந்துவிட்டாள். இரண்டு வரிசை முள்கம்பி, நடுவில் வெட்டவெளி. என்னை ரோட்டைத் தாண்டவும் விடவில்லை. அந்தக் கோடியில் அவள், கையில் ஒரு துணிச் சுருள்.

"எளச்சுப் போயிட்டீங்க!" என்று கத்தினாள்.

"புள்ளய தூக்கிக் காட்டு!"

தூக்கினாள். எதிர்வெயில் கண்ணில் அடித்தது. சின்னதாக ஒரு தலை, அவ்வளவுதான்.

"தோலோங் லா, என் புள்ள, ஒரே நிமிஷம் கையில வாங்கிக்கிறேன்," என்று மலாயும் தமிழும் கலந்து உதவி கேட்டு, பக்கத்தில் நின்ற மாத்தாவிடம் கும்பிட்டேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். காட்டுக்காரனுக்குப் போய்விடும் என்று, வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூட வரக்கூடாது, போகக்கூடாது என்பது சட்டம்.

"புள்ள அரிசியாய்யா?"

அவருக்குத் தமிழ் புரியவில்லை. புரிந்திருந்தாலும் பாவம், அவர் என்ன செய்வார்?

மேலே போகும் பட்டாள லோரிகள் வந்து நின்றன. வண்டியைத் தூக்கிப் போட்டு ஏறு, இல்லாவிட்டால் லாக்கப் என்றார்கள்.

"பேரு!" வேலாயியின் குரல் உடைந்தது. "பேரச் சொல்லிட்டுப் போங்க! நான் அவ காதுல சொல்றேன்!"

காதோடு காதாகச் சொல்ல வைத்திருந்த பேர். மாத்தாக்களும் லயத்துச் சனமும் வேடிக்கை பார்க்க, தொண்டை கிழியக் கத்தினேன்.

"மரகதம்!"

வேலாயி துணிச் சுருளின் மேல் மூன்று தடவை குனிந்து நிமிர்ந்தாள்.

"சிரிக்கிறா! பாருங்க, சிரிக்கிறா!"

"பாத்துட்டேன்!" என்று கத்தினேன். எனக்கு முகமே தெரியவில்லை.