செல்லையா வீட்டுக் கவ்வாத்து

கத்திச் சத்தம் கேட்டபோது ஆறாயி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். விறகு கொத்துகிற சத்தம் அல்ல அது. விறகுக்கு இரண்டு மூன்று போடு வேண்டும். இது ஒரே இழுப்பு, ஒரு கிளை. பிறகு அடுத்த இழுப்பு, அடுத்த கிளை. பிறந்தது முதல் மலைச்சரிவில் கேட்டு வளர்ந்த சத்தம். வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்கு நாலு வீடு தள்ளி, அதற்கு என்ன வேலை? வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை புரண்டது. துருவியதை அப்படியே போட்டுவிட்டு முன்பக்கம் ஓடினாள். ஏழு மாத வயிற்றோடு ஓடுவதை ஓட்டம் என்று சொல்லலாம் என்றால்.

செல்லையா வீட்டு முன்வளவு கேற்றிலிருந்து விறாந்தை வரை பதினைந்து அடி இருக்கும். அகலம் இருபது இருந்தால் அதிசயம். அதற்குள் நாலு செவ்வரத்தை, இரண்டு நந்தியாவட்டை, ஒரு வரிசை குரோட்டன், மதிலோரம் ஒரு போகன்விலா. காலையில் ஆளை மறைக்கும் உயரத்தில் நின்றவை. இப்போது எல்லாம் முழங்காலுக்குக் கீழே நின்றன. ஒரு பூ இல்லை, ஓர் இலை இல்லை. வெட்டுவாய்கள் எல்லாம் ஒரே பக்கச் சரிவாய், அளந்து வைத்தது போல இருந்தன. நந்தியாவட்டை பால் வடித்துக்கொண்டிருந்தது. நடுவில் அவள் புருஷன் அழகுமுத்து, வெட்டிய கிளைகளைத் தூக்கித் தூக்கி, வெயில் படாமல் அந்தக் கட்டைகளின் மேல் போர்த்திக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை ஆறாயி கண்டு ஏழு மாதம்.

"என்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"கவ்வாத்து," என்றான் அழகுமுத்து. "ஒருக்கா செஞ்சா மூணு வருசம் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு ஐயாதான சொன்னாரு. மூணு கெழமையில பாரு புள்ள, எப்புடித் தளுக்குதுன்னு."

ஐயா சொன்னது உண்மைதான். போன ஞாயிற்றுக்கிழமை விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி செல்லையா அவனைக் கூப்பிட்டு, "இஞ்ச பார், கிழமைக்கொருக்கா ஆள் பிடிச்சுக் கூலி குடுக்க என்னால ஏலாது. பைப்பிலயும் தண்ணி ஒழுங்கா வாறேல்ல. ஒருக்காச் செய்தா ரெண்டு மூண்டு வரியத்துக்குத் தொடத் தேவையில்லாத மாதிரி இந்தப் பூமரங்களைச் செய்துபோடு" என்றார். மிச்சத்தை அவர் சொல்லவில்லை. வேலைக்காரனுக்கு மிச்சம் எதற்கு? தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு மூன்று வருஷம் தொடாத செடி என்றால் ஒன்றுதான் தெரியும், கவ்வாத்து. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தேயிலையை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்து விட்டால், பட்ட மரம் மாதிரி நின்று, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் தளிர்க்கும். ஒரு நாளைக்கு இருநூறு செடி வெட்டுகிற கை அவனுடையது. அந்தக் கைக்கு நாலு செவ்வரத்தை எந்த மூலைக்கு?

ஆனால் ஆறாயிக்கு மிச்சமும் தெரியும். வருகிற ஞாயிறு செல்லையாவின் கந்தோர்ப் பெரிய துரை தேத்தண்ணிக்கு வருகிறார். பதினெட்டு வருஷமாய்க் காத்திருந்த தலைமைக் கிளாக்கர் கதிரை அந்தத் தேத்தண்ணியில்தான் இருக்கிறது. துரைக்குப் பூ என்றால் உயிராம். இதையெல்லாம் செல்லையாவின் பெண்சாதி அருந்ததி அம்மா குசினியில் வைத்து அவளிடம் சொல்லியிருந்தாள். தன் புருஷனிடம் சொல்ல ஆறாயிக்குத் தோன்றவில்லை. பெரிய இடத்துக் கதை நமக்கேன் என்று விட்டுவிட்டாள். இன்றைக்கு வியாழன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதைதான். குரங்கைக் கண்டு யாரும் சாகமாட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. குசினிக்குப் பின்னால், விறகு போட்டு வைக்கிற தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஆறடிக்கு எட்டடி. அதில் பிள்ளையைப் பெற்று, நாற்பது நாள் படுத்திருக்க அருந்ததி அம்மா சம்மதித்திருந்தாள். அதற்குப் பிறகு என்னவோ ஆகட்டும். ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவர்களுக்கும் ஒரு லயக்காம்பிரா, தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை, இருந்தது. கணக்கப்பிள்ளை ஆறாயியின் தலைமயிரைப் பிடித்து மலைச்சரிவில் இழுத்த அன்று, அழகுமுத்து இதே கவ்வாத்துக் கத்தியால் அவன் தோளில் ஒன்று போட்டான். எலும்பு தெரிந்தது. தோட்டத்து ஆட்கள் அழகுமுத்துவைக் கட்டி வைத்து அடித்ததில் இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. மூன்று மாதம் மறியலில் கம்பி எண்ணினான். வேலையை விட்டு நிறுத்துகிற பற்றுச்சீட்டை எழுதி அவள் கையில் திணித்து, சட்டி பானையை மழையில் வீசி, லயத்தைப் பூட்டினார்கள். இன்னொரு தரம் கத்தி தூக்கினால் வருஷக்கணக்கில் உள்ளேதான் என்று நீதவான் கோட்டில் சொல்லி அனுப்பினார். மறியலிலிருந்து வந்த அன்று அவன் அவள் வயிற்றில் கை வைத்து, இனிமேல் மனுஷன் மேல் இரும்பு தூக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். ஆனாலும் கத்தியை விற்கவில்லை. ஆறாயி அந்தச் சத்தியத்தை நம்பினாள்; கத்தியை நம்பவில்லை.

"அஞ்சு மணிக்கு ஐயா வந்துருவாரு," என்று சொல்லிக்கொண்டே அவள் வெட்டிய கிளைகளை இழுத்து, பூவோடு இருந்தவற்றைப் பொறுக்கி, மண்ணில் குத்தி நிறுத்தத் தொடங்கினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? கவ்வாத்துப் பண்ண செடிக்குப் பக்கத்துல குச்சியக் குத்துற!"

"பேசாம இருங்க. ஒங்க வேலைக்கு இங்க மதிப்பில்ல."

அந்தச் சொல் அவனைச் சுட்டது. அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் குத்தினாள். விறாந்தையில் அருந்ததி வந்து நின்று பார்த்தாள். திட்டவில்லை. உள்ளே போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து, தானே குனிந்து குத்திய கிளைகளுக்கு ஊற்றினாள். குனிந்தபோது அவளுடைய சட்டைக்கு மேலே முதுகில் பழைய அடியின் தழும்பு தெரிந்தது. செல்லையாவுக்குக் கந்தோரில் வாய் கிடையாது. துரை தும்மினால்கூட எழுந்து நிற்பாராம். அந்தக் குறையை வீட்டில் தீர்த்துக்கொள்வார். பித்தளைப் பூண் போட்ட கைத்தடி ஒன்று வைத்திருந்தார். குழம்பில் புளி கூடினால் அது பேசும், குறைந்தாலும் பேசும். மாதத்தில் இரண்டு மூன்று தரம் ஆறாயிதான் உப்புத் தண்ணீர் காய்ச்சி அருந்ததிக்கு ஒத்தடம் கொடுப்பாள்.

வெயில் வெயில்தான். மூன்று மணிக்கே குத்திய கிளைகள் எல்லாம் தலையைத் தொங்கப்போட்டன. மூடிய பொய்யை விட மூடாத மொட்டையே பரவாயில்லை போலாகிவிட்டது.

ஐந்தே காலுக்குக் கேற் திறந்தது. செல்லையா ஓரடி உள்ளே வைத்து நின்றார். முதலில் அவருக்கு வீடு மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியிருக்க வேண்டும். திரும்பிக் கேற்றில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். பிறகு ஒரு செவ்வரத்தைக் கிளையைத் தொட்டார். அது கையோடு வந்தது.

"ஆரடா?" என்றார். "எந்தப் பேயன்ரா இதைச் செய்தவன்?"

அழகுமுத்து கத்தியோடு முன்னால் வந்தான். மதிலோரத்தில் போகன்விலாவின் வெட்டிப்போட்ட கிளைகளைத் துண்டாக்கிக்கொண்டிருந்தவன், வெட்டிய கையோடேயே வந்துவிட்டான். "நாந்தாங்க ஐயா. மூணு கெழமையில தளுத்துரும். அதுக்கப்புறம்..."

கைத்தடி அவன் கேட்காத காதின் பக்கம் இறங்கியது. பூண் பட்டுக் கன்னம் கிழிந்தது. "மூண்டு கிழமையோ? ஞாயிற்றுக்கிழமை துரை வாறானடா! சுடலை மாதிரி ஆக்கி வைச்சிருக்கிறாய்!" அடுத்தது தோளில். அதற்கடுத்தது முழங்கையில். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். கத்தி வைத்திருக்கிறவனை அடிக்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அழகுமுத்து நகரவில்லை. "தளுத்துருங்க... தளுத்துரும்..." என்று ஒவ்வோர் அடிக்கும் சொன்னான். ஆனால் ஆறாயி அவன் வாயைப் பார்க்கவில்லை. கத்திப்பிடியில் அவன் விரல் மொளி வெளுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தாள். மலைச்சரிவில் அன்றைக்கும் இப்படித்தான் முதலில் வெளுத்தது.

ஓடிப்போய் இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "குடுத்துருங்க. சத்தியம் பண்ணீங்க. குடுத்துருங்க." ஒவ்வொரு விரலாய் இளக்கினாள். அவன் விட்டுவிட்டான். கத்தி தன் கைக்கு வந்ததும் ஆறாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி அடிதான், அடி என்ன, ஆறிவிடும். அடி வாங்கிச் செத்தவர்கள் அவர்கள் சனத்தில் குறைவு.

கத்தி போன பிறகுதான் செல்லையாவுக்கு முழுப் பலமும் வந்தது. ஓங்கி நெற்றியில் ஒன்று போட்டார். அழகுமுத்து குரோட்டன் கட்டைகளின் மேல் மல்லாந்து விழுந்தான். சரிவாய்ச் சீவிய முனைகள் முதுகில் குத்தின. அவன் கத்தியதை அவள் அன்றைக்குத்தான் கேட்டாள், தோட்டத்தில் கட்டி வைத்து அடித்தபோதுகூட அவன் கத்தவில்லை. விழுந்தவனின் விலாவில் செல்லையா சப்பாத்துக் காலால் மிதித்தார். பிறகு மூச்சிரைக்க ஆறாயியின் பக்கம் திரும்பினார்.

"இண்டைக்கே ரெண்டு பேரும் வெளிய. விளங்குதோ? றோட்டில கிடந்து பெத்துப் போடு, நாய்கள் பெறுற மாதிரி." சொல்லிக்கொண்டே கைத்தடியின் பூணை அவள் வயிற்றில் வைத்து அழுத்தினார். "இந்தச் சனியனையும் கொண்டு போ."

உள்ளே பிள்ளை உதைத்தது. பூணுக்கும் அந்த உதைக்கும் இடையில் ஒரு தோல்தான் இருந்தது.

ஆறாயி வாழ்நாளில் கவ்வாத்து வெட்டியதில்லை. அது ஆண்கள் வேலை. ஆனால் எத்தனை ஆயிரம் தரம் பார்த்திருப்பாள். கீழிருந்து மேலே, சரிவாய், ஒரே இழுப்பு. கைத்தடி மண்ணில் விழுந்தது. அதோடு செல்லையாவின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் விழுந்தன.

அவர் உடனே கத்தவில்லை. கையை முகத்துக்கு நேரே பிடித்துக் கணக்குப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகுதான் கத்தினார். அந்தக் குரல் ரயில் பாதைவரை கேட்டிருக்கும். விறாந்தையிலிருந்து அருந்ததி இறங்கி வந்தாள். நடந்துதான் வந்தாள். மண்ணில் கிடந்த விரல்களைப் பார்த்தாள், ஆறாயியைப் பார்த்தாள், சேலைத் தலைப்பைக் கிழித்துப் புருஷனின் கையில் சுற்றினாள். அதற்குள் பக்கத்து வீட்டு றவூப் முதலாளி மதிலால் எட்டிப் பார்த்துவிட்டு, சந்தியில் நின்ற பொலிஸ்காரனைக் கூப்பிட ஓடினார்.

அழகுமுத்து எழுந்தான். முதுகெல்லாம் இரத்தம். ஆறாயியின் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டான். அவள் அவனிடமிருந்து வாங்கியது போலத்தான், விரல் விரலாய் இளக்கி.

"வேணாங்க," என்றாள். "வருசக்கணக்கா போட்டுருவாங்க. வேணாம்."

"சத்தியத்த நான் மீறல," என்றான் அவன். "அது போதும்."

பொலிஸ்காரன் வந்தான். சிங்களவன், இளம் வயது. இரத்தத்தைக் கண்டதும் அவனுக்கே முகம் வெளுத்தது. "கவுத மேக்க கெருவே?" என்று எல்லாரையும் பார்த்து, யார் செய்தது என்று கேட்டான். செல்லையா கேற்றடியில் மயங்கிக் கிடந்தார். அழகுமுத்து கத்தியை நீட்டினான். ஆறாயி அவனுக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். வலது கை முழுக்க இரத்தம்.

"நாந்தான் வெட்டுனேன். அவரு இல்ல. என் வயித்துல குத்துனாரு, நாந்தான் வெட்டுனேன்!"

பொலிஸ்காரனுக்குத் தமிழ் விளங்கவில்லை. அவன் வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தான். அருந்ததிக்குச் சிங்களம் சரளமாய் வரும். இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள். நடந்ததெல்லாம் விறாந்தையில் நின்று பார்த்தவளும் அவள்தான். ஆறாயியைப் பார்த்துக்கொண்டே சிங்களத்தில் நிதானமாய்ச் சொன்னாள். ஆறாயிக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனால் 'மினிஹா' என்றால் புருஷன் என்று தெரியும், 'அண்டனவா' என்றால் அழுகிறாள் என்று தெரியும். புருஷனை விட்டுவிடச் சொல்லி அழுகிறாள் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"பொய்! அம்மா பொய் சொல்றாங்க!" ஆறாயி கையைப் பொலிஸ்காரனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் இரக்கத்தோடு தலையை ஆட்டி, அந்தக் கையை மெல்ல விலக்கினான். அழகுமுத்துவின் தோள்துண்டாலேயே அவன் கைகளைக் கட்டினான். அழகுமுத்து கேற்றைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கேட்கிற காதை மட்டும் இந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு போனான்.

"ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கோணும்," என்றாள் அருந்ததி. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ பின்னறைக்குப் போ. பாய் போட்டுப் படு. உன்னை ஒருத்தரும் எழுப்பமாட்டினம். ஒரு பொம்பிளை வெட்டினதெண்டு அவரும் வெளியில சொல்லமாட்டார். நான் இருக்கிறன்" என்றாள்.

ஆறாயி அசையவில்லை. இன்னும் கை விரித்தபடிதான் நின்றாள், யாராவது பார்க்கட்டும் என்று. தெருவில் கூடியவர்கள் எல்லாரும் பொலிஸ்காரனின் பின்னால் போய்விட்டார்கள். அருந்ததி அந்த வலது கையைப் பிடித்து, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாய் மடக்கி மூடி, தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.