பன்னிரண்டு பெயரும் ஒரு டோக்கனும்

துளசிராமன் மேஸ்திரிக்கு ஐம்பது வயது நிறைவதை ஊர் கொண்டாடத் துடிக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் துளசிராமன் மேஸ்திரிதான். ஊரின் ஆசையை மீற முடியாமல் பாராட்டு விழாவுக்கு ஹால் பேசினார், மாலைக்குச் சொன்னார், தன் பெயருக்கு முன்னால் பட்டங்களை அடுக்கி நோட்டீஸையும் தானே எழுதினார். அதன் அடியில் ‘என்றும் விசுவாசமுள்ள’ என்று போட்டுப் பன்னிரண்டு பெயர்கள். மேஸ்திரி ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுகிறவர்கள் அவர்கள். முதல் பெயர் ராஜப்பா. அவன் ஜோக் ஆரம்பிப்பதற்கு முன்பே சிரிப்பான்.

பதின்மூன்றாவதாக இருந்த சம்பங்கியின் பெயரை மேஸ்திரி அடித்துவிட்டார். பதினெட்டு வருஷம் அவர் கேங்கில் பாறை துளைத்தவன்தான். ஆனால் டீக்கடையில் எல்லார் முன்னாலும், “மாலையும் நீங்களே வாங்கிட்டீங்க. நீங்களே போட்டுக்கினா எங்களுக்கு ஒரு வேலை மிச்சம், மேஸ்திரி” என்று சொல்லிவிட்டான்.

அறுபத்தொன்றாம் வருஷம், ஒரு வியாழக்கிழமை, காலை ஷிஃப்ட். தங்கச் சுரங்கத்தில் இறங்குகிறவன் டோக்கனைக் கொடுத்தால் அது போர்டில் தொங்கும். ஏறி வந்து திரும்ப வாங்கிக்கொள்ளும்வரை ஆள் உள்ளே இருப்பதாக அர்த்தம். மேஸ்திரி டோக்கனைக் கொடுத்தார், விளக்கை வாங்கினார், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறாமல் பின்பக்கமாக நழுவி, நோட்டீஸுக்குப் புரூஃப் பார்க்க ராபர்ட்சன்பேட்டை அச்சகத்துக்குப் போய்விட்டார்.

பதினொன்றரைக்குப் பூமி குலுங்கியது. அச்சகத்தில் கோத்து வைத்த எழுத்துகள் தரையில் சிதறின, மேஸ்திரியின் பட்டங்கள் உட்பட. கீழே பாறை வெடித்திருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சங்கு ஊத, எல்லாரும் சுரங்க வாய்க்கு, ஷாஃப்ட்டுக்கு ஓடினார்கள். மேஸ்திரியும் ஓடினார். ஆனால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றார். ஷிஃப்டை ஏமாற்றியது தெரிந்தால் மேஸ்திரி வேலை அவ்வளவுதான்.

கேஜ் கேஜாக ஆட்கள் முழுசாக ஏறி வந்தார்கள். போர்டில் ஒரே ஒரு டோக்கன் மிச்சம். மேஸ்திரியின் மனைவி அம்சவேணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாரையும்விட உரக்க அழுதவன் ராஜப்பா. மூச்சு வாங்கிய இடைவெளியில், அடுத்த மேஸ்திரி சீனியாரிட்டிப்படிதானே என்று கிளார்க்கிடம் விசாரித்தான்.

தேடுவதற்குத் தன்னோடு ஒருத்தர் வேண்டும், பாறை இன்னும் சரியலாம் என்றார் சுரங்கக் கேப்டன். பன்னிரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் முழங்கால் வலி வந்தது. அப்போதுதான் ஏறி வந்த சம்பங்கி, புருவத்துத் தூசியைக்கூடத் துடைக்காமல், திரும்ப விளக்கை எடுத்தான்.

“ஏய், உன் பேரத்தான் அட்சிட்டாரே” என்றான் ராஜப்பா.

“நோட்டீஸுக்குத்தான் பேர் வேணும். கேஜுக்கு ஆள் போதும்.”

மேஸ்திரிக்கு ஒரு வழி இருந்தது. பேசாமல் வீட்டுக்குப் போய், பக்கத்து ஷாஃப்ட் வழியாக ஏறி வந்தேன் என்று சாயங்காலம் சொல்லலாம். நம்புவார்கள். அதுவரை சம்பங்கி, இல்லாத ஆளைச் சரிகிற பாறைக்கடியில் தேடிக்கொண்டிருப்பான்.

கேஜ் கதவு சாத்தியாயிற்று. மணியடிப்பவன் கேஜை இறக்கக் கயிற்றைப் பிடித்தான்.

துண்டு பறந்தது. “நிறுத்துங்கடா. நான் எறங்கவே இல்ல. பிரஸ்ஸுல இருந்தேன்.”

அடைமொழி இல்லாமல் மேஸ்திரி பேசிய முதல் பேச்சு அது.

கூட்டத்தில் எழுந்த ஆரவாரத்தில் சங்கே தோற்றிருக்கும். உள்ளே ஒருவரும் இல்லை, ஒரு சாவும் இல்லை. அம்சவேணி புருஷன் கையிலிருந்த புரூஃபைப் பிடுங்கி, அழுகையும் சிரிப்புமாக, அதாலேயே அவரை நாலு சாத்து சாத்தினாள். கேஜை விட்டு இறங்கிய சம்பங்கி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒழுங்கா பேசினீங்க, மேஸ்திரி.”

மேஸ்திரி வேலை அன்றே போயிற்று, ராஜப்பா மேஸ்திரியானான். விசுவாசிகள் பொழுது சாய்வதற்குள் அவன் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மேலே பெயரை மாற்றினால் நோட்டீஸ் வீணாகாது என்று அச்சகத்துக்காரர் நிம்மதியடைந்தார்.

ஐம்பதாவது பிறந்தநாளன்று துளசிராமன் சாதாரணத் தொழிலாளியாக, சம்பங்கியின் தோளோடு தோள் உரச, கேஜில் இறங்கினார். பொன்னாடை போர்த்தியவர்போலத் தலை நிமிர்ந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் சம்பங்கி கேரியரைத் திறந்து கறிக்குழம்பை அவர் பக்கம் நகர்த்தினான். துளசிராமன் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“துன்னுங்க, ஆறிடும்.”

உட்கார்ந்து தின்றார். விழாவுக்கு வந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஓர் இடம்கூடக் காலியில்லை.