லைன் வீடுகளின் ஐந்தரை மணி

மில்லில் புதிய சங்கு வைத்த நாளிலிருந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருந்த ஒரு மணி நேரம் இல்லாமல் போயிற்று. சங்கு ஐந்துக்கு ஊத ஆரம்பிக்கும். மூச்சை ஒரு தரம் இழுத்து விடுவதற்குள் ஓய்ந்துவிடும். பார்த்தால் மணி ஆறு. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றியிருக்கும். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. தாமதமாக வந்து மாட்டிக்கொண்ட ஒவ்வொருவரும் "சங்கு காதுல விழலைங்க" என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். நிர்வாகம் தொழிலாளர் சொல்லை நம்பிய ஒரே விஷயம் இதுதான். ஊருக்கே கேட்கும்படி ஒரு சங்கைக் கப்பலில் வரவழைத்தது.

காணாமல் போன மணி வீணாகிவிடவில்லை. மில்லின் பின்வாசலை ஒட்டிய பங்களாத் தெருவில் போய்ச் சேர்ந்தது. அங்கே ஐந்து மணி இரண்டு முறை வந்தது. மானேஜர் வீட்டு அம்மா இரண்டாவது டீயையும் குடித்துவிட்டு, பின்னிய ஸ்வெட்டரைப் பிரித்து மறுபடி பின்னினார். நரம்புத் தளர்ச்சி என்று டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார்.

லைனில் பலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அறுந்த இழைகளை முடிச்சுப் போடும் வேலை பார்த்த ஒருத்திக்கு மட்டும் பழகவில்லை. கல்யாணமாகி ஐந்து மாதம். அவளுக்குப் பகல் ஷிப்ட். புருஷனுக்குப் பாய்லரில் இரவு ஷிப்ட். காலையில் அவன் ஆண்கள் வாசலில் வெளியே வரும்போது அவள் பெண்கள் வாசலில் உள்ளே போவாள். வார விடுமுறை என்ற ஒன்றை அப்போது யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. அவர்களுடைய குடும்ப வாழ்க்கை மொத்தமும் ஐந்திலிருந்து ஆறுவரை நடந்தது. இப்போதோ அவள் வீடு திரும்பினால் பாயில் அவன் சூடு மட்டும் இருந்தது. அவன் அந்நேரம், எப்படி வந்தோம் என்று தெரியாமல், சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டபடி பாய்லர் முன்னால் நின்றிருப்பான்.

சங்கு மாறிய பத்தாம் நாள், தனக்குத் தலைசுற்றுவது எதனால் என்று அவளுக்குப் புரிந்தது. சீட்டு எழுதி வைக்கலாமென்றால் அவளுக்கு எழுதத் தெரியாது, அவனுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியனுப்பினால் லைன் முழுக்கத் தெரிந்த பிறகுதான் அவனுக்குத் தெரியவரும். இதெல்லாம் அவள் தனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. கேட்கிற கணத்தில் அவன் முகம் எப்படிப் போகிறதென்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த முகத்தை இதுவரை பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஆறு நாள் தேறாது.

பங்களாவில் பாத்திரம் கழுவும் அக்காதான் துப்புக் கொடுத்தாள். "உன் மணி எங்கயும் போயிடலடி. மானேஜர் வீட்டு ஹால்ல காலை நீட்டி உக்காந்திருக்கு. சங்கு ஓயறதுக்குள்ள அந்தத் தெருவுல கால் வச்சவங்களுக்கு அது உண்டு."

"போய் என்னன்னு கேக்கறது?"

"வேலைதான் கேக்கணும். சும்மா நிக்க விட்டுடுவாங்களா?"

அவள் காய் நறுக்கச் சேர்ந்தாள். பங்களா வேலைக்காரர்களுக்கு மில்லின் பின்வாசல் திறக்கும். அங்கிருந்து பத்தே எட்டு. அக்கா மூலம் சேதி போய், அவன் தூக்கத்தில் அரை மணியைக் குறைத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சேர்ந்தான். இப்படியாக இருவரும் தங்கள் சொந்த நேரத்தில் இருப்பதற்காக அடுத்தவர் வீட்டில் வேலைக்கு அமர்ந்தார்கள்.

"மெலிஞ்சுட்டே," என்றான், சமையலறை ஜன்னலுக்கு வெளியே வாளியோடு.

"மெலிஞ்சேனா? நல்லாப் பாருங்க. ரெண்டு பேரு நிக்கறோம்."

அவன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். யாருமில்லை. பிறகு வாளித் தண்ணீர் அவன் காலிலேயே கொட்டியது. அவள் யோசித்து வைத்திருந்த எந்த முகமும் அது இல்லை. பாய்லர் முள் ஏறுவதைப் பார்ப்பவன் போல, பயமும் கவனமுமாக அவளையே பார்த்தான்.

"எத்தனை மாசம்?"

"மூணு. சங்குக்கு முந்தினது."

"யாரோட பேச்சு அங்க?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டார்.

"செடியோடதாங்கம்மா," என்றான்.

மறுநாளிலிருந்து அம்மா அந்த மணியில் சமையலறைப் பக்கம் வரவேயில்லை. அவருக்கு ஐந்து மணி இரண்டு இருந்தும், இரண்டிலும் மானேஜர் வீட்டுக்கு வந்ததில்லை.

மழைக்காலத்துக்குள் லைனில் பாதிப் பேர் பங்களா வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு ரோஜாச் செடிக்கு மூன்று பேர் தண்ணீர் ஊற்றியதில் வேர் அழுகியது. மணியைத் திருப்பிக் கேட்டுத் தொழிலாளர்கள் மனுக் கொடுத்தார்கள். அப்படியொரு பொருள் மில்லின் சொத்துப் பட்டியலில் இல்லை என்று நிர்வாகம் மரியாதையாகப் பதில் எழுதியது.

குழந்தை அந்தச் சமையலறையிலேயே, நறுக்கிய காய்க்குப் பக்கத்தில் பிறந்தது. பெண். மில் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா பேனாவைத் திறந்தார்.

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைக்கு."

"பங்களாவா, லைனா?"

"லைன்."

"லைனுக்கு அஞ்சரை கிடையாதேம்மா."

அவள் மடியைப் பார்த்தாள். குழந்தை அவளையே, பயமும் கவனமுமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப ஆறுன்னே போட்டுக்குங்க," என்றாள். "அந்த அரை மணி எங்ககிட்டயே இருக்கட்டும்."

குமாஸ்தா ஆறு என்று எழுதி, மை காய ஊதினார்.