பிசிறில்லாத மணி

அவளுடைய புருஷனுக்கு இணையத்தில் பிசிறு என்று பட்டப்பெயர். வீட்டிலேயே ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் செய்கிறவர்களின் குழு ஒன்று இருக்கிறது. அதில் யார் எந்தப் பெட்டியின் படத்தைப் போட்டாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். மூன்றாவது ஓட்டையின் ஓரத்தில் பிசிறு இருக்கிறது என்று எழுதிவிட்டுத்தான் சாப்பிட வருவான்.

அப்படிப்பட்டவனின் அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவார், மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். கடையில் ஒரு அழைப்பு மணி வாங்கிவிடலாமே என்று அவள் சொன்னதற்கு, அந்தப் பிளாஸ்டிக் குப்பை வேண்டாம், நானே செய்கிறேன் என்றான். மணிக்கான சர்க்யூட் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. அதை வைக்கும் அலுமினியப் பெட்டியில் மூன்று ஓட்டை போடத்தான் மூன்று மாதம் ஆனது.

முதல் பெட்டியில் ஓட்டை பெரிதாகிவிட்டது. இரண்டாவதில் உட்பக்கத்து அளவை வெளிப்பக்கத்தில் குறித்ததால் இடம் வலமாகிப் போனது. தகடு சரியில்லை என்று சாதித்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இதற்கிடையில் ஒரு மத்தியானம் மாமனார் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளை பக்கத்து அறையில்தான் இருந்தான், டிரில் சத்தத்தில் அவர் கத்தியது கேட்கவில்லை. அவள் இறங்கி வந்தபோது படுக்கை நனைந்திருந்தது. மாமனார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் பக்கத்து அறைக் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்து விரிப்பை மாற்றினாள்.

ஒருவழியாக மூன்றாவது பெட்டி தேறியது. ஓட்டைகளை அரத்தால் ராவி ராவிக் கண்ணாடியாக்கியிருந்தான். பொத்தானைத் தகட்டோடு தகடாகப் பதித்து, தடவினாலும் தெரியாது என்று பீற்றிக்கொண்டான். குழுவில் இருநூறு பேர் பாராட்டினார்களாம். பெட்டியைக் கட்டிலருகே வைத்துவிட்டு, அழுத்திப் பார்க்கச் சொன்னான்.

அப்பாவின் நடுங்கும் விரல் பெட்டி முழுக்கத் தடவியது. சொன்ன சொல் தப்பவில்லை, பொத்தான் தட்டுப்படவே இல்லை. இன்னொரு முறை தடவினார். பிறகு கரண்டியை எடுத்துப் பெட்டியின் மேல் ஒரு போடு போட்டார். டங்கென்ற சத்தத்தில் அவள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"டம்ளரைவிட இது நல்லா கேக்குதும்மா," என்றார் அவர். மூன்று மாதத்தில் அன்றுதான் அவர் முகம் தெளிந்திருந்தது.

அவன் பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பிறகு அதைத் திருப்பி வைத்தான்.

"பின்பக்கமா தட்டுங்கப்பா. முன்னாடி கீறல் விழுது."