கோதுமை வைத்தியம்

பூவராகவனுக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னது 1974 மார்ச்சில், ஒரு சனிக்கிழமை. அன்று சாயங்காலத்துக்குள் அவரே அதற்கு ஒரு முடிவும் கட்டிவிட்டார்.

இனிப்பை விட வேண்டும், அரிசியைக் குறைத்துச் சப்பாத்தி சாப்பிட வேண்டும், மாத்திரையை மறக்கக் கூடாது. இரண்டு மாதத்தில் கட்டுப்படாவிட்டால் தினமும் ஊசி. டாக்டர் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம்தான் பூவராகவன் காதில் முழுசாக விழுந்தது. ஐம்பது வயசு, மத்திய சர்க்கார் உத்தியோகம், கீழே வேலை பார்க்கிறவர்கள் நடுங்குகிற குரல். அம்மை குத்த வந்தவர்கள் கதவைத் தட்டியபோது குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவரும் அவர்தான்.

"பஞ்சாபிக்காரன் எவனுக்காவது சர்க்கரை வந்து நீ பாத்திருக்கியா?" என்று மனைவி ருக்குவைக் கேட்டார். "வராது. கோதுமை திங்கறான். அரிசிதான்டி விஷம். நாளையிலேர்ந்து எனக்குச் சாதம் கிடையாது."

ருக்கு பார்த்ததில்லைதான். எந்தப் பஞ்சாபியும் அவளிடம் வந்து தன் வியாதியைச் சொன்னதும் இல்லை.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. தில்லி கரோல் பாகில் அவர்கள் குடியிருந்த மாடியில் எதிர்வீடு கன்னா குடும்பம். பதினோரு வருஷமாக ருக்கு தன் ரேஷன் கோதுமையை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு அவர்கள் ரேஷன் அரிசியை வாங்கிக்கொண்டு வருவாள். இப்போது அதை நிறுத்த வேண்டும், காரணத்தையும் சொல்லக் கூடாது என்று பூவராகவன் அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். கன்னாவின் மச்சினன் பூவராகவனுடைய ஆபீஸில் வேலை பார்த்தான். அந்த ஆபீஸில் யார் கையில் லட்டைப் பார்த்தாலும் வாயைக் கட்ட வேண்டும் என்று உபதேசம் செய்து பெயர் வாங்கியவர் பூவராகவன். அவருக்கே சர்க்கரை என்று தெரிந்தால் மானம் போய்விடும்.

"எங்களுக்கும் ரொட்டி பழகிப்போச்சு, பெஹன்ஜி" என்று ருக்கு தன் அரைகுறை ஹிந்தியில் சொன்னாள். மிஸஸ் கன்னா "அச்சா" என்றாள். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

முதல் வாரம் மூன்று சப்பாத்தி. பூவராகவன் அதை விழுங்கமுடியாமல் விழுங்கினார். இரண்டாவது வாரம் ஐந்து. ஏப்ரல் பிறந்தபோது வேளைக்கு ஒன்பதில் வந்து நின்றது, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. "போறும்னா" என்று ருக்கு சொன்னால், "மருந்துதானேடி, போடு" என்பார். நல்ல மருந்தை யாராவது அளவு பார்த்துச் சாப்பிடுவார்களா என்பது அவர் கட்சி.

தினமும் காலையில் குளியலறைக்குள் பரீட்சை நடக்கும். கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம், அதில் எட்டுச் சொட்டு மூத்திரம், கீழே ஸ்பிரிட் விளக்கு. கொதித்த பிறகும் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். செங்கல் நிறம் என்றால் எக்கச்சக்கம். பூவராகவனுக்கு ஒருநாள் தவறாமல் செங்கல் வந்தது.

முதலில் திரவம் கெட்டுவிட்டது என்று புது பாட்டில் வாங்கினார். பிறகு விளக்கு சரியில்லை என்றார். குறை சொல்ல வேறு எதுவும் அகப்படாமல் ஒருநாள் வெளியே வந்து, "நீ கோதுமை மாவுல அரிசி மாவைக் கலக்கறே" என்றார்.

வேளைக்கு ஒன்பது இட்டு இட்டு ருக்குவுக்குத் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருந்தது. அந்தக் கையைப் பார்த்து இப்படிச் சொல்ல இவருக்கு எப்படி மனசு வந்தது என்று இருந்தது. ஆனால் அழுகையைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. மனுஷன் இவ்வளவு தின்றும் வற்றிக்கொண்டே வந்தார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி.

மறுநாள் காலையில் மாவு தீர்ந்துவிட்டது. கொஞ்சம் கடன் வாங்கலாம் என்று ருக்கு கிண்ணத்தோடு எதிர்வீட்டுக்குப் போனாள். பழக்கம்போல நேரே சமையலறைக்குள் நுழைந்தாள். அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரத்தில் கண்ணாடி ஸிரிஞ்ச் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிரம்பு மோடாவில் கன்னா, ஒரு பக்கச் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். ருக்குவைப் பார்த்ததும் உள்ளே எழுந்து போய்விட்டார்.

மிஸஸ் கன்னா கதவைச் சாத்தினாள். அவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை, நாலு வருஷமாக ஊசி. பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், யாரிடமும் சொல்லிவிடாதே என்று ருக்குவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொட்டிதானே சாப்பிடறார்?" என்றாள் ருக்கு.

"வேறென்ன சாப்பிடுவார்?"

"எத்தனை?"

"இப்போ ரெண்டு. முன்னாலே கணக்கே கிடையாது."

ருக்கு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். புருஷனுக்குக் கொடுத்த வாக்கை அங்கேயே நின்றபடி உடைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மிஸஸ் கன்னா கேட்டுக்கொண்டே ஊசியை எடுத்து ஆறவைத்தாள். "கூட்டிட்டு வா அவரை. ஜல்தி" என்றாள். அவளும் தன் ரகசியத்தை விட்டுவிட்டாள்.

என்ன ஏது என்று சொல்லாமல் ருக்கு அவரை அழைத்துக்கொண்டு போனாள். ஆபீஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பூவராகவன் ஸிரிஞ்சைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மறுபடி மோடாவில் வந்து உட்கார்ந்திருந்த கன்னா சட்டைக் கையை இறக்கிவிட்டார். கொஞ்சம் யோசித்து மறுபடி சுருட்டிவிட்டுக்கொண்டார். ஊசி உள்ளே போகிறபோது இரண்டு பேருமே ஜன்னலைப் பார்த்தார்கள்.

"எனக்கும் டாக்டர் ரொட்டிதான் சொன்னார்" என்றார் கன்னா. "டாக்டரே சொன்னா நிறையச் சாப்பிடலாம்னு சாப்பிட்டேன். எத்தனைன்னு ஒருத்தரும் கேக்கலை. நீங்க எத்தனை சாப்பிடறீங்க, பாய்சாப்?"

பூவராகவன் தன் மனைவி பக்கம் திரும்பினார். அவள் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. ருக்கு சொல்லவில்லை. கடைசியில் அவரே ஒன்பது என்று ஹிந்தியில் சொன்னார், கீழே வேலை பார்க்கிறவர்கள் கேட்டிராத ஒரு குரலில். கன்னா சிரிக்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும், "ரொம்பப் பயமாயிருக்கு, ருக்கு" என்றார். "மாவைப் பத்திச் சொன்னேனே, அது தப்பு."

"தப்புதான்" என்றாள் ருக்கு. சும்மா விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

அன்று ராத்திரி தட்டில் இரண்டு சப்பாத்தி, பக்கத்தில் ஒரு குவியல் கீரை. உருளைக்கிழங்கு இல்லை. பூவராகவன் துண்டு துண்டாகப் பிய்த்து, முடிந்தவரை நேரம் கடத்திச் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகும் எழுந்திருக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசி அடங்கலை" என்றார்.

"தெரியும்னா."

இருபத்திரண்டு வருஷத்தில் அவரைப் பசியோடு இலையை விட்டு எழுந்திருக்க விட்டதில்லை அவள். உடம்பு சரியில்லாத நாளிலும், சண்டை போட்டுக்கொண்ட நாளிலும் விட்டதில்லை. கை தானாக மாவுப் பாத்திரத்துக்குப் போயிற்று. ருக்கு அந்தக் கையை இழுத்து மடியில் வைத்து, மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் எழுந்து கை அலம்பப் போகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.